போருக்குப் பின் நீதி – 9: நன்கொடையில் எழுந்த நீதிமன்றம்

சென்ற இரு இதழ்களில் பார்த்த யூகோஸ்லாவியா, ருவாண்டா நீதிமன்றங்களுக்கு எத்தனையோ தொல்லைகள் இருந்தன. ஆனால் அவற்றின் செலவுக்கு ஒரு வழி இருந்தது. ஐ.நா. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் கட்டியாக வேண்டிய சந்தாவிலிருந்து அவற்றுக்குப் பணம் போனது. ஒரு வழக்கு தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த நாடும் தன் பங்கை நிறுத்திக்கொள்ள முடியாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு நீதிமன்றங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 15 கோடி டாலருக்கு மேல் செலவாகிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு சபைக்கு அலுப்புத் தட்டிவிட்டது. எத்தனை ஆண்டு, எத்தனை கோடி என்ற முணுமுணுப்பு, குறிப்பாக அமெரிக்காவிடமிருந்து, பலமாகவே கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு ஏழை நாடு, எங்களுக்கும் ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று கேட்டது.

சியரா லியோன். வைரம் விளையும் மண். 1991 மார்ச்சில் லைபீரிய எல்லையைத் தாண்டி வந்த புரட்சிகர ஐக்கிய முன்னணி அங்கே போரைத் தொடங்கியது. அதன் தலைவர் ஃபோடே சங்கோ, முன்பு ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்தவர். அவருக்குப் பின்னால் லைபீரியாவின் சார்லஸ் டெய்லர், பின்னாளில் அந்நாட்டின் அதிபரானவர். இருவரும் லிபியாவில் பயிற்சி பெற்றவர்கள். பதினொரு ஆண்டுப் போரில் 50,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் இந்தப் போரை உலகம் நினைவு வைத்திருப்பது இறந்தவர்களால் அல்ல, உயிரோடு விடப்பட்டவர்களால். 1996 தேர்தலில் வாக்களித்த குற்றத்துக்காகக் கைகள் வெட்டப்பட்டன. பிறகு காரணமே தேவைப்படவில்லை. முழங்கைக்கு மேலேயா, மணிக்கட்டோடா என்று கேட்டுவிட்டு வெட்டினார்கள். வெட்டியவர்களில் பலர் சிறுவர்கள். ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போய், போதை மருந்து கொடுத்துப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள்.

1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சியாளர்கள் தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்தார்கள். அந்த ஜனவரியில் நகரம் பட்ட பாட்டுக்குப் பிறகு, எந்த விலை கொடுத்தாவது போர் நின்றால் போதும் என்ற நிலைக்கு அதிபர் அகமது தேஜான் கப்பா வந்திருந்தார். ஜூலை 7 அன்று டோகோவின் தலைநகர் லோமேயில் அந்த விலை கொடுக்கப்பட்டது. முந்தைய ஆண்டு ஃப்ரீடவுன் நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்த சங்கோவுக்கு மன்னிப்பு. அதோடு துணை அதிபருக்கு இணையான தகுதி. அதற்கும் மேலே, நாட்டின் கனிம வளங்களை மேற்பார்வையிடும் ஆணையத்தின் தலைமை. வைரத்துக்காகக் கொன்றவரின் கையிலேயே வைரத்தைக் கொடுத்தார்கள். இரு தரப்புப் படையினருக்கும் முழு மன்னிப்பு.

ஐ.நா. சார்பில் கையெழுத்திட்டவர் பிரான்சிஸ் ஒகேலோ. கையெழுத்திடும் முன் தன் கையாலேயே ஒரு குறிப்பு எழுதினார். இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றுக்கு இந்த மன்னிப்பு செல்லாது என்று ஐ.நா. கருதுகிறது என்பதே அதன் சாரம். அன்று அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வரப்போகும் நீதிமன்றத்துக்கு அதுதான் கதவைத் திறந்து வைத்தது.

லோமே உடன்பாடு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 2000 மே மாதம் சங்கோவின் ஆட்கள் ஐ.நா. அமைதிப்படையினர் ஏறத்தாழ 500 பேரைச் சிறைபிடித்தார்கள். அப்போது அமைதிப்படையின் தளபதி இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் ஜேட்லி. கைலாஹுன் என்ற ஊரில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் முற்றுகையில் சிக்கினார்கள். ஜூலையில் ‘குக்ரி’ என்ற பெயரில் நடந்த நடவடிக்கைதான் அவர்களை மீட்டது. அதற்குள் ஃப்ரீடவுனில் நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. மே 8 அன்று சங்கோவின் வீட்டை நோக்கி மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். காவலர்கள் சுட்டதில் இருபது பேர் அளவில் செத்தார்கள். சங்கோ தப்பியோடினார். சில நாளிலேயே பிடிபட்டார்.

பிடித்தாயிற்று. வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த லோமே மன்னிப்பு குறுக்கே நின்றது. நாட்டின் நீதித்துறையோ போரில் சிதைந்து கிடந்தது. 2000 ஜூன் 12 தேதியிட்ட கடிதத்தில் கப்பா ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 14 அன்று பாதுகாப்பு சபை 1315-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. சியரா லியோன் அரசோடு பேசி ஒப்பந்தம் செய்து ஒரு தனி நீதிமன்றம் அமைக்கும்படி அது அன்னானைக் கேட்டுக்கொண்டது.

ஒப்பந்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். யூகோஸ்லாவியா, ருவாண்டா நீதிமன்றங்களைப் பாதுகாப்பு சபை தன் சொந்த அதிகாரத்தில், தனது துணை அமைப்புகளாக உருவாக்கியது. அதனாலேயே அவற்றின் செலவு சந்தாவில் சேர்ந்தது. அதனாலேயே அவற்றின் கைது ஆணைக்கு எல்லா நாடுகளும் கட்டுப்பட வேண்டியிருந்தது. புதிய நீதிமன்றம் ஐ.நா.வும் சியரா லியோனும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பிறக்கும். விசாரணை அமர்வில் மூன்று நீதிபதிகள்: இருவர் ஐ.நா. நியமிப்பவர்கள், ஒருவர் சியரா லியோன் அரசு நியமிப்பவர். மேல்முறையீட்டில் ஐவர்: மூவர், இருவர். குற்றம் நடந்த மண்ணிலேயே, அந்த மக்கள் கண்முன்னே விசாரணை. இந்தக் கலப்பு அமைப்பை நான் உண்மையாகவே மதிக்கிறேன். முன்னிரண்டு நீதிமன்றங்களும் செய்யாத ஒரு நன்மையை இது செய்தது. ஆனால் அந்த வடிவத்தைத் தேர்ந்ததில் நீதியைப் பற்றிய அக்கறைக்குச் சமமாகச் செலவைப் பற்றிய கணக்கும் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

பணம் எங்கிருந்து வரும்? விரும்பும் நாடுகள் கொடுக்கட்டும் என்றது பாதுகாப்பு சபை.

அன்னான் இதைக் கடுமையாக எதிர்த்தார். 2000 அக்டோபர் அறிக்கையில் அவர் சொன்னது தெளிவானது: நன்கொடையை நம்பி நடக்கும் நீதிமன்றத்துக்கு நிச்சயமும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. நீதிபதிகளையும் வழக்கறிஞர்களையும் வேலைக்கு அழைத்துவிட்டு, கைதிகளைச் சிறையில் வைத்துவிட்டு, பாதியில் காசில்லை என்று கதவை மூட முடியுமா? உறுப்பு நாடுகளின் சந்தாவிலிருந்தே தர வேண்டும் என்றார். சபை அசையவில்லை. அப்படியானால் என் நிபந்தனை இது என்றார் அன்னான்: நீதிமன்றத்தை நிறுவி ஓராண்டு நடத்தத் தேவையான பணம் கையில் இருக்க வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான வாக்குறுதியும் வந்தாக வேண்டும். அதுவரை ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன்.

கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டு ஊரெல்லாம் போவதைப் போல, ஐ.நா.வின் சட்டத்துறை நாடு நாடாகக் கேட்கத் தொடங்கியது. 2001 தொடக்கத்தில் முழுக் கணக்குப் போட்டபோது, முதல் ஆண்டுக்கு 3 கோடியே 2 லட்சம் டாலர், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 8 கோடியே 44 லட்சம் டாலர், ஆக மொத்தம் 11 கோடியே 46 லட்சம் டாலர் தேவை என்று வந்தது. கொடுக்கக்கூடிய நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கணக்கு திரும்பப் போடப்பட்டது. அந்த ஆண்டின் நடுவில் வந்த புதிய மதிப்பீடு மூன்றாண்டுக்கு 5 கோடியே 70 லட்சம் டாலர்தான். சரிபாதி.

குற்றங்கள் பாதியாகவில்லை. சாட்சிகள் பாதியாகவில்லை. தொகை மட்டும் பாதியாகிவிட்டது. கொடுக்கக்கூடியது இவ்வளவு என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குள் நீதியை அடக்கிப் பார்த்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அடக்கிய விதம் நீதிமன்றத்தின் சட்டத்திலேயே தெரிகிறது. போர் தொடங்கியது 1991 மார்ச்சில். நீதிமன்றத்தின் அதிகாரமோ 1996 நவம்பர் 30-இலிருந்துதான். அபிஜானில் ஒரு சமாதான உடன்பாடு, நிலைக்காமல் போன ஒன்று, கையெழுத்தான நாள் அது. 1991 வரை பின்னோக்கிப் போனால் அரசு வழக்கறிஞருக்கும் நீதிமன்றத்துக்கும் சுமை தாங்க முடியாததாகிவிடும் என்று அன்னானின் அறிக்கையே காரணம் சொன்னது. ஐந்தரை ஆண்டுகள் கைவிடப்பட்டன. 1995-இல் எரிக்கப்பட்ட கிராமத்துக்காரரும் 1997-இல் எரிக்கப்பட்ட கிராமத்துக்காரரும் ஒரே நாட்டவர், ஒரே வலி. ஒருவருடைய வழக்கு கேட்கப்படும். இன்னொருவருடையது கேட்கப்படாது. யாரை விசாரிப்பது என்பதிலும் அப்படித்தான். மிக உயர்ந்த பொறுப்பைச் சுமப்பவர்களை மட்டும் என்று சபை வலியுறுத்தி எழுதவைத்தது. ஆயிரக்கணக்கான கொலையாளிகள் இருந்த நாட்டில் கடைசியில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 13 பேர்.

ஒரு வழியாக முதலாண்டுக்குத் தேவையான பணம் ஏறக்குறைய சேர்ந்தது. இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்கான வாக்குறுதிகளில் பள்ளம் இருந்தது. ஆனாலும் அன்னான் துணிந்தார். தன் நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தியே அவர் பச்சைக்கொடி காட்டினார். 2002 ஜனவரி 16 அன்று ஃப்ரீடவுனில் ஐ.நா.வின் சட்டத்துறைத் தலைவர் ஹான்ஸ் கோரலும் சியரா லியோன் அட்டர்னி ஜெனரல் சாலமன் பெரெவாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, போர் முடிந்ததாக அரசு அறிவித்தது.

நீதிமன்றத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகக் குழு அமைந்தது. பணம் கொடுக்கும் நாடுகளே அதில் உட்கார்ந்தன: அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, கனடா. அவர்களோடு நைஜீரியா, லெசோத்தோ, சியரா லியோன் அரசு, ஐ.நா. செயலகம். தீர்ப்பில் தலையிட அந்தக் குழுவுக்கு உரிமை கிடையாது. ஆனாலும் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது முதுகெலும்பு நிமிர்ந்திருப்பது சுலபமல்ல. சங்கோவையும் டெய்லரையும் பயிற்றுவித்த லிபியாவின் தலைவர் கடாஃபி ஏன் கூண்டில் ஏற்றப்படவில்லை, அதில் கொடையாளி நாடுகளின் முகம் பார்க்கப்பட்டதா என்ற கேள்வி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

2002 ஆகஸ்டில் முதல் அரசு வழக்கறிஞராக அமெரிக்கர் டேவிட் கிரேன் ஃப்ரீடவுன் வந்தார். பதிவாளர் பிரிட்டனைச் சேர்ந்த ராபின் வின்சென்ட். ஒரு நீதிமன்றத்தில் நீதிபதிகள் பேர் வாங்குவார்கள். அதைக் கட்டி எழுப்புகிறவர் பதிவாளர். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத நகரத்தில், சிறைத்துறை நிலம் ஒன்றில், நியூ இங்கிலாந்து என்ற பகுதியில், கண்டெய்னர் அறைகளே அலுவலகங்களாயின. சிறை தயாராகாததால் முதலில் கைதானவர்களை ஷெர்ப்ரோ தீவிலுள்ள பொந்தே என்ற ஊருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நீதிமன்றக் கட்டடம் 2004 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. ஊழியர்களில் பெரும்பகுதியினர் சியரா லியோன்காரர்கள். நீதிமன்றம் என்ன செய்கிறது என்று மக்களிடம் எடுத்துச் சொல்ல அதிகாரிகள் குழு ஊர் ஊராகப் போனது. கிராமத்துச் சபைகளில் வீடியோ போட்டுக் காட்டியது, கேள்விகளுக்குப் பதில் சொன்னது. பிற்காலத்து நீதிமன்றங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது. அதற்கும் மூல நிதியில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்றவர்களிடம் தனியாகக் கேட்டு வாங்கித்தான் நடத்தினார்கள்.

2003 மார்ச் 10. முதல் கைதுகள். அவற்றில் ஒன்று நாட்டையே உலுக்கியது. உள்துறை அமைச்சர் சாம் ஹிங்கா நார்மன் தன் அலுவலகத்திலேயே கைது செய்யப்பட்டார். கிளர்ச்சியாளர்களை எதிர்த்து நின்ற கமாஜோர் எனும் ஊர்க்காவல் வேட்டைக்காரர்களை வழிநடத்தியவர். பலருக்கு அவர் வீரர். அரசுத் தரப்பில் நின்றவர் என்பதால் அவர் ஆட்கள் செய்த கொலைகளைக் கண்டுகொள்ளாமல் விட நீதிமன்றம் மறுத்தது. அது சரியான முடிவு. ஆனால் அதே படையை அரவணைத்த அதிபர் கப்பாமீது குற்றச்சாட்டு வரவில்லை. நார்மனின் ஆதரவாளர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீர்ப்புக்கு முன்பே, 2007 பிப்ரவரியில், டக்கார் மருத்துவமனையில் நார்மன் இறந்தார். சங்கோவோ 2003 ஜூலையிலேயே காவலில் இறந்துவிட்டார். யாருக்காக நீதிமன்றம் கேட்கப்பட்டதோ அவர் விசாரணைக்கே வரவில்லை.

அன்னான் பயந்தது மூன்றாம் ஆண்டிலேயே நடந்தது. 2004-இல் வழக்குகள் தொடங்கும் நேரத்தில் பெட்டி காலி. எந்தச் சந்தாவைத் தொடக் கூடாது என்று சபை சொன்னதோ, அதிலிருந்தே மானியம் தரும்படி பொதுச்சபையிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் பிற்பாதிக்கு 1 கோடியே 67 லட்சம் டாலர் வரை எடுக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டுக்கு மேலும். சிக்கனத்துக்காக ஒதுக்கிய வழிக்கே, அவசரத்திலும் அவமானத்திலும் திரும்பி வந்தார்கள்.

இனி டெய்லர். அவர்மீதான குற்றப்பத்திரிகை 2003 மார்ச்சிலேயே ரகசியமாக முத்திரையிடப்பட்டிருந்தது. ஜூன் 4 அன்று, சமாதானப் பேச்சுக்காக அவர் கானாவின் தலைநகர் அக்ராவில் இருந்தபோது, கிரேன் அதை வெளியிட்டார். பதவியிலிருக்கும் ஒரு நாட்டு அதிபர், விருந்தாளியாக வந்த இடத்தில், போர்க்குற்றம் சாட்டப்பட்டவராக அறிவிக்கப்படுகிறார். கானா கைது செய்யவில்லை, ஊருக்கு அனுப்பிவைத்தது. ஒப்பந்தத்தில் பிறந்த நீதிமன்றத்துக்கு மூன்றாம் நாட்டைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை என்பதன் விலை அன்று தெரிந்தது. ஆகஸ்டில் பதவி விலகி நைஜீரியாவின் கலபாரில் டெய்லர் அடைக்கலமானார். 2006 மார்ச்சில் லைபீரியாவின் புதிய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் அவரை ஒப்படைக்கக் கேட்டதும் கலபார் வீட்டிலிருந்து மறைந்தார். மார்ச் 29 அன்று கேமரூன் எல்லையில் பிடிபட்டார். அன்றே ஃப்ரீடவுன் சிறையில் இருந்தார்.

அப்போது அரசு வழக்கறிஞராக இருந்தவர் கண்டியில் பிறந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் சர் டெஸ்மண்ட் டி சில்வா. நம் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறோரிடத்தில் நினைவிருக்கலாம். இலங்கையில் மகிந்த ராஜபக்ச அரசு காணாமல்போனோர் குறித்து விசாரிக்க அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்கு 2014-இல் ஆலோசனை சொல்ல வந்த வெளிநாட்டு நிபுணர்களில் அவர் ஒருவர். டேவிட் கிரேனும் ஒருவர். சியரா லியோனில் அடுத்தடுத்து வழக்கு நடத்திய இருவரும், குற்றம்சாட்டப்பட்டிருந்த அரசு தானே அமைத்த ஆணைக்குழுவின் பக்கம் போய் அமர்ந்ததை ஈழத்தில் உறவுகளை இழந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2015 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கைக்குப் பரிந்துரைத்ததும் இதே கலப்பு நீதிமன்ற வடிவம்தான். அது அமையவே இல்லை.

டெய்லரை ஃப்ரீடவுனில் விசாரித்தால் மறுபடி போர் மூளும் என்ற அச்சத்தில், பாதுகாப்பு சபையின் 1688-ஆம் தீர்மானத்தோடு, 2006 ஜூனில் அவர் ஹேகுக்குக் கொண்டுபோகப்பட்டார். நெதர்லாந்து ஒரு நிபந்தனை போட்டது: தண்டனை கிடைத்தால் எங்கள் சிறையில் வைக்க மாட்டோம். பிரிட்டன் ஏற்றுக்கொண்ட பிறகுதான் விமானம் கிளம்பியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கூடத்தையும் சிறை அறையையும் வாடகைக்கு எடுத்து வழக்கு நடந்தது. தன்னிடம் வழக்கு நடத்தப் பணமில்லை என்றார் டெய்லர். அவருடைய வழக்கறிஞர் செலவும் நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. 2009 பிப்ரவரியில், அப்போதைய அரசு வழக்கறிஞர் ஸ்டீபன் ராப், பணம் வராவிட்டால் டெய்லரை விடுவிக்க நேரலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். பொதுச்சபை மறுபடி 2011, 2012-க்காக 1 கோடியே 20 லட்சம் டாலர் அளவில் மானியம் கொடுத்த பிறகே அந்த ஆபத்து நீங்கியது. இந்தத் தவிப்பெல்லாம் உலகப் பத்திரிகைகளில் சிறு செய்தி. 2010 ஆகஸ்டில் மாடல் அழகி நவோமி கேம்ப்பெல், டெய்லர் தனக்கு அனுப்பியதாகச் சொல்லப்பட்ட வைரக்கல் பற்றிச் சாட்சி சொல்ல வந்தபோது மட்டும் நீதிமன்ற வாசலில் காமிராக்கள் குவிந்தன.

2012 ஏப்ரல் 26 அன்று 11 குற்றச்சாட்டுகளிலும் டெய்லர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை 50 ஆண்டு. 2013 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. இன்று பிரிட்டிஷ் சிறையில் இருக்கிறார். ஃப்ரீடவுனில் நடந்த மூன்று வழக்குகளில் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். சிறுவர்களைப் படையில் சேர்த்ததற்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலில் தண்டித்தது இங்கேதான், 2007 ஜூனில். கட்டாயத் திருமணத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக ஏற்றதும், அமைதிப்படையைத் தாக்கியதற்காகத் தண்டித்ததும் இங்கேதான். அரைவயிற்றுக் காசில் செய்த இந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொடுத்தன. மொத்தச் செலவு 25 கோடி டாலரைத் தாண்டியது. பாதியாக வெட்டிய மதிப்பீட்டையும், வெட்டாத மதிப்பீட்டையும்கூடத் தாண்டிய தொகை. முதலிலேயே நிச்சயமான பணத்தோடு தொடங்கியிருந்தால் பதினோராண்டு இழுத்திருக்குமா?

கை இழந்தவர்களின் கேள்வி வேறு. டெய்லருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் வழக்கறிஞரும் உண்டு, எங்களுக்கு என்ன என்று அவர்கள் கேட்டார்கள். நிவாரணம் தருவது நீதிமன்றத்தின் வேலையாக வகுக்கப்படவில்லை. அதைப் பரிந்துரைத்தது, போரில் நடந்ததைப் பதிவுசெய்யத் தனியாக அமைந்த உண்மை ஆணையம். அதுவோ இன்னும் குறைந்த பணத்தில், 1 கோடி டாலர் திட்டமிட்ட இடத்தில் பாதியும் கிடைக்காமல், வேலையை முடித்தது. நிவாரணம் ஒருவழியாக வந்தபோது, ஐ.நா. நிதி 30 லட்சம் டாலரை வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 20,000 பேருக்கு முதல் தவணையாகத் தலைக்கு 100 டாலர் அளவில் கொடுத்தார்கள்.

2013 டிசம்பரில் நீதிமன்றம் மூடப்பட்டது. சாட்சிகளின் பாதுகாப்பு, கைதிகளின் நிலை, ஆவணங்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறிய எச்ச நீதிமன்றம் அதன் இடத்தில் அமைந்தது. அதன் செலவுக்கும் நன்கொடைதான் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நன்கொடை போதவில்லை. அதுவும் பொதுச்சபையிடம் மானியம் கேட்டு நிற்கிறது.

ஃப்ரீடவுனில் கண்டெய்னர்கள் இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2003 ஜூனில், கம்போடியாவோடும் ஐ.நா. ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கும் பணம் நன்கொடை. அங்கே சம்பளம் வராமல் நீதிமன்ற ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்யும் நாள் வந்தது. அது அடுத்த இதழில்.